திருப்பி அனுப்பிய கஷாயச் சட்டி

குவோயாங்
1984 செப்டம்பர் 9

யூச்சின் அக்காவுக்கு,

காகிதத்தைப் பிரித்ததும் என் முகம் உங்கள் கண்ணில் தெரிந்தால், அது ருசி செத்த முகமாகத்தான் இருக்கும். இன்றோடு நாற்பத்தோரு நாள். உங்கள் தம்பி உப்பில்லாப் பத்தியம் இருக்கிறார், அவரோடு நானும் இருக்கிறேன். எனக்கென்று தனியாகத் தாளித்தால் வாசனை பிடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்கே வந்துவிடுகிறார், வேறு என்ன செய்வது.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். கால் வீக்கம் வடிந்திருக்கிறது. வசந்த காலத்தில் நீங்கள் பார்த்தபோது கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்குமே, இப்போது சட்டென்று எழும்பிவிடுகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் இரண்டும் பழுது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வைத்தியர் யின் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, 'செய்யுறதுக்கு இருக்கு, நீ செய்வியா?'ன்னு என்னைத்தான் கேட்டார். நூறு நாள் உப்பு நாக்கில் படக்கூடாது. சேவல், பெருவாத்து, ஆட்டுக்கறி, இறால் எதுவும் கூடாது, அடங்கிக் கிடக்கும் நோயைக் கிளப்பிவிடும். கெண்டை மீனைக் காராமணியோடும் வெண்பூசணித் தோலோடும் வேகவைத்த சாறு, தாகத்துக்குச் சோளக் குஞ்சம் போட்டுக் கொதித்த தண்ணீர், அவ்வளவுதான் சாப்பாடு.

இருபத்திரண்டு வருஷம் ஊறுகாய் ஆலையில் சாடி சாடியாக உப்புப் பார்த்த நாக்கு அது. இப்போது ஆலை வாசலில் காவல் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நேற்று மீன்சாறை வைத்ததும், 'ரூயிங், ஆத்துல நீந்துறப்போ இந்த மீனுக்கு இதைவிட ருசி இருந்திருக்கும்' என்றார். 'அப்ப ஆத்துக்கே போய் குடிங்க' என்றேன். குடித்துவிட்டார்.

உங்கள் கஷாயச் சட்டி பத்திரமாக இருக்கிறது. மூக்கு உடைந்த இடத்தில் கஷாயம் ஒழுகுகிறது, பழகிவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் பெங் அத்தானைப் பதினோரு வருஷம் உயிரோடு பிடித்து வைத்திருந்த சட்டி என்றுதான் கேட்டு வாங்கினேன். திருப்பித் தருகிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். கஷாயச் சட்டியை வாங்கியவள் திருப்பிக் கொடுத்தால் நோயையும் சேர்த்துக் கொடுக்கிறாள் என்று தெரியாத அளவுக்கு என்னை யாரும் வளர்க்கவில்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே வந்து எடுத்துக்கொள்ளவேண்டும். வேண்டாமலே போகட்டும்.

ஒரு சந்தேகம். வாத்து ஆகுமா?

ரூயிங்


ஹுவாய்நான்
1984 செப்டம்பர் 22

ரூயிங்,

உன் கடிதத்தில் மீன் கவிச்சி அடித்தது. மூடி வைத்துவிட்டு எழுது.

வாத்து ஆகும். பெருவாத்துதான் ஆகாது. கிழட்டு வாத்தாகப் பார்த்து வாங்கு, அது உடம்பைக் குளிர்த்தும், நீரை இறக்கும். இஞ்சியைக் கூட்டிப் போட்டால் உப்பில்லாத குறை பாதி தெரியாது. மீதிப் பாதிக்கு உன் வாய் இருக்கிறது, அதில் காரம் போதும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆண்களைப் பத்தியத்தில் நம்பாதே. பெங்குக்கு நுரையீரலில் கரித்தூசி. நான் கற்கண்டு வைத்துப் பேரிக்காய் அவிப்பேன், அல்லிக்கிழங்குக் கஞ்சி காய்ச்சுவேன். அவர் சுரங்கத் தொப்பிக்குள் காய்ந்த மிளகாயை ஒளித்துக்கொண்டு வருவார். ஒருநாள் தொப்பியைத் துடைக்கப் போய்க் கண்டுபிடித்தேன். ஐந்து வருஷமாக நடந்திருக்கிறது. ஐந்து வருஷம் நான் பேரிக்காய் தோல் சீவியிருக்கிறேன்! அன்றைக்கு மனசு விட்டுப்போயிற்று எனக்கு. மூன்று மாதம் அடுப்பைத் தொடவில்லை, சுரங்கத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வாங்கித் தின்னட்டும் என்று விட்டேன். அந்த மூன்று மாதத்தில் அவர் உடம்பு இறங்கியது அப்புறம் ஏறவே இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்றால், தம்பி தெலின் ஏதாவது தின்று மாட்டினாலும் நீ அடுப்பை அணைக்காதே. என்ன திட்டு வேண்டுமானாலும் திட்டு. அடுப்பை மட்டும் அணைக்காதே.

புத்தாண்டு வசந்தப் பண்டிகைக்கு வருகிறேன். கரி பொறுக்கும் கொட்டகையில் ஐந்து நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். இங்கே எல்லாருக்கும் இருமல், எனக்கும் கொஞ்சம். புகை சீசன்.

அக்கா


குவோயாங்
1985 மார்ச் 2

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நீங்கள் பஸ் ஏறி மூன்றாம் நாள் காலையில் அவரால் செருப்புக்குள் காலை நுழைக்க முடியவில்லை. மறுநாள் கண் இரண்டும் மூடிக்கொண்டன. முகமே மாவு பிசைந்து வைத்தமாதிரி ஆகிவிட்டது. யின் வந்து பார்த்துவிட்டு, 'உப்பு எங்கேருந்து வந்துச்சு?'ன்னு ஒரே கேள்விதான் கேட்டார். என் வீட்டில் உப்பே கிடையாதே, பல் தேய்க்கக்கூடக் கிடையாது.

மெத்தையை வெயிலில் போட எடுத்தேன். அடியில் வாத்து முட்டை ஓடு. உப்பில் ஊறிய முட்டை. நான்கு முட்டை ஓடு, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி ஒளித்திருந்தது. கூடை நிறைய அந்த முட்டையோடு வந்து இறங்கியது யார்? 'வைத்தியருக்குப் பண்டிகை மரியாதை' என்று சொன்னது யார்?

அவரிடம் கேட்டேன். 'அக்கா கொடுத்தாங்களா?' என்றேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்.

நூறு நாள் முடிந்து, நூற்றைம்பதும் முடிந்து, குழி விழாத காலைப் பார்த்தேன் நான். ஆறு மாதம் நானும் உப்பு தொடாமல் இருந்தேன். உங்கள் பாசத்துக்கு ஐந்தே நாள் போதுமாக இருந்தது. பெங் அத்தானுக்கும் இப்படித்தான் பார்த்துக்கொண்டீர்களா?

ரூயிங்


ஹுவாய்நான்
1985 மார்ச் 11

ரூயிங்,

ஆமாம். கொடுத்தேன். கேட்டான், பொறுக்கவில்லை, கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது, அவன் மேல் கோபப்படாதே.

பெங்கைப் பற்றி எழுதியிருந்தாய். எழுது, எழுதவேண்டியதுதான்.

கெண்டை மீன் கிடைக்காவிட்டால் சின்ன கெளிறு மீனும் ஆகும். யின் கஷாயத்தை மாற்றியிருப்பார், மூன்று முறை கொதிக்கவிட்டு மூன்றையும் கலந்து கொடு. நிறுத்தாதே.

யூச்சின்


குவோயாங்
1985 ஏப்ரல் 6

யூச்சின் அவர்களுக்கு,

நேற்று சிங்மிங், கல்லறைகளைக் கூட்டிச் சுத்தம் செய்யும் நாள். உங்கள் பெற்றோர் கல்லறையை நான் ஒருத்தியே போய்க் கூட்டினேன். அவரால் நடக்க முடியவில்லை.

ஆலையிலிருந்து ஹுவாய்நானுக்கு ஊறுகாய் ஏற்றிப் போகும் லாரியில் ஒரு மூட்டை அனுப்புகிறேன். வைக்கோல் சுற்றிக் கட்டியிருக்கிறேன், உடையாது. உங்கள் கஷாயச் சட்டி. எனக்கு வேறு சட்டி வாங்கிக்கொண்டேன். உங்கள் கை பட்ட பொருள் எதுவும் இந்த வீட்டில் வேண்டாம்.

அனுப்புவதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ரூயிங்


ஹுவாய்நான்
1985 ஜூலை 3

ரூயிங்,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கிடைத்தனவா என்று கேட்க மாட்டேன், கிடைத்திருக்கும்.

சட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. லாரிக்காரர் வாசலில் இறக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். 'ஐயையோ, கஷாயச் சட்டியைத் திருப்பி அனுப்பியிருக்காங்களே, யாருடி அந்தப் பாவி?' என்று கூச்சல் போட்டாள். 'நான்தான் கேட்டு அனுப்பினேன், இருமலுக்கு வேணும்' என்று சொல்லி வாயை அடைத்தேன். அதனால் உன் பேர் இங்கே கெடவில்லை. அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.

தெலின் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுது. கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது. நன்றாக இல்லை என்றாலும் எழுது. அவனுக்கு நான்கு வயதில் அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்திருந்தவள் நான். எனக்கு ஒரு வரிகூடக் கிடையாதா?

வெயில் காலத்தில் வெள்ளரிக்காய் கொடு, உப்பில்லாமலே உள்ளே இறங்கும்.

அக்கா


குவோயாங்
1986 ஜனவரி 28

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். நீங்கள் வரவில்லை. சவப்பெட்டியை மூடும் முன் கூடப்பிறந்தவள் வரட்டும் என்று அரை நாள் காக்க வைத்தேன். குளிர்காலம், அதனால் முடிந்தது. பிறகு மூடிவிட்டார்கள். அன்று உங்கள் மேல் வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை எனக்கு.

எப்படிப் போனார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, சொல்கிறேன். பழைய நாட்காட்டிப்படி பன்னிரண்டாம் மாதம் எட்டாம் தேதி. ஊரெல்லாம் எட்டுத் தானியக் கஞ்சி காய்ச்சும் நாள். நானும் காய்ச்சினேன். அவர் ஒரு வாய் வாங்கிக்கொண்டு, 'ரூயிங், முள்ளங்கி ஊறுகாய் ஒரே ஒரு துண்டு. நாக்குல வச்சுட்டுத் துப்பிடறேன்' என்றார். முந்தின நாளும் கேட்டார். 'பனி முடியட்டும், வீக்கம் வடியும், அப்புறம் தரேன்' என்றேன். மீன்சாறைக் கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்தார், என் மனம் நோகக்கூடாதென்று குடித்தார். சாயங்காலம் மூச்சுத் திணறி நின்றுபோயிற்று. கன்னத்தில் சாறு காய்ந்திருந்தது, துடைத்தேன்.

எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. ஏழாம் நாள் சடங்கு முடிந்ததும் ஆலையிலிருந்து குவான் வந்தார், இவரோடு சேர்ந்து வேலை பார்த்தவர். காவல் அறையிலிருந்த சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். தொப்பி, கண்ணாடி, தேநீர்க் குவளை, அப்புறம் ஒரு சின்ன ஊறுகாய்ச் சாடி. பாதி காலி. 'இது என்ன?' என்றேன். குவான் தரையைப் பார்த்துக்கொண்டு, 'வேலைக்கு வந்த நாளெல்லாம் ஒரு துண்டு கேட்பான் தங்கச்சி. குடுக்கலேன்னா அழுவான். பத்தியம் ஆரம்பிச்ச ரெண்டாம் மாசத்துலேருந்து' என்றார். அவரைக் கை ஓங்கி அடித்திருப்பேன். ஆனால் அவரே அழுதுகொண்டிருந்தார்.

இரண்டாம் மாதத்திலிருந்து! அப்படியானால் அந்த நான்கு முட்டை? அவர் தலையைத் தொங்கப் போட்டது எதற்கு? உண்மையைச் சொல்லுங்கள் அக்கா. நீங்கள் கொடுத்தீர்களா, இல்லையா?

ரூயிங்


ஹுவாய்நான்
1986 பிப்ரவரி 14

ரூயிங்,

கையெழுத்து கோணலாக இருக்கும். தலையணையில் சாய்ந்தபடி எழுதுகிறேன்.

நான் கொடுக்கவில்லை. போன வருஷப் பண்டிகைக்கு மூன்றாம் நாள், கரி வைக்கும் மூலையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். மஞ்சள் கருவின் எண்ணெய் தாடையில் வழிந்தது. திருடிய பூனைமாதிரி என்னைப் பார்த்தான். 'அக்கா, அவகிட்ட சொல்லிடாதே. அவளும் எனக்காக உப்பில்லாமத் திங்குறா. இது தெரிஞ்சா அவ மனசு விட்டுப்போயிரும்' என்றான். நான் சரி என்றேன். முட்டை ஓட்டை எங்கே ஒளித்தான் என்று பார்க்காமல் வந்தது என் முட்டாள்தனம்.

உன் கடிதம் வந்தபோது எனக்கு யோசிக்கவே தேவையில்லை. அவனே திருடித் தின்றான் என்று தெரிந்தால், நான் பெங்குக்கு அடுப்பை அணைத்தமாதிரி நீயும் அணைத்துவிடுவாய். என் மேல் கோபம் இருந்தால் அந்தக் கோபத்திலேயே இன்னும் நன்றாகக் கொதிக்க வைப்பாய். வைத்தாய் இல்லையா? இன்னும் பத்து மாதம் இருந்தானே. அது உன் கை. ஊறுகாயோடு சண்டை போட்டு உன் மீன்சாறு பத்து மாதம் ஜெயித்திருக்கிறது. எனக்கு அது போதும், உனக்கும் போதவேண்டும்.

தந்தி கிடைத்தது. சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன். படியில் கால் வைத்தேன், அடுத்த காலை எடுக்க மூச்சு இல்லை. கண்டக்டர் பெண், 'ஏறுறீங்களா இல்லையாம்மா?' என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தம்பிக்காக அழுதேன். பெங்குக்கு வந்ததேதான் எனக்கும். இருபது வருஷம் கரி பொறுக்கினேன், தூசி ஆண் பெண் பார்ப்பதில்லை. இப்போது உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது, படுத்தால் இல்லை.

சட்டியை அலமாரியிலிருந்து இறக்கியாயிற்று. உடனே நீ ஏதாவது நினைத்துக்கொள்வாய், நினைக்காதே. பண்டிகைக்கு உன் வீட்டுக்கு வந்தபோதே எனக்கு இருமல். சட்டி வந்தது அதற்கு அப்புறம்தான். நாள் பார்த்துக்கொள்.

எனக்கும் உப்பு ஆகாது, உப்பு சளியைக் கட்டுமாம். பேரிக்காய், அல்லிக்கிழங்கு, மறுபடி பேரிக்காய். பக்கத்து வீட்டுக்காரி அவித்துத் தருகிறாள், நல்லவள். பேரிக்காயைப் பார்த்தாலே குமட்டுகிறது. தெலினை இப்போதுதான் புரிந்துகொள்கிறேன் ரூயிங். அந்த மஞ்சள் கரு நினைவு அடிக்கடி வருகிறது. சரி, விடு. உன்னிடம் போய் இதை எழுதுகிறேன் பார்.

யூச்சின்


குவோயாங்
1986 மார்ச் 24

அக்கா,

ஒரு மாதம் ஏன் பதில் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். முகத்தைக் காட்டத் துணிவு வரவில்லை, அது ஒன்று. முட்டை ஊறவேண்டியிருந்தது, அது இன்னொன்று.

நாள் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்தேன். சட்டிக்கு முன்னாலேயே இருமல் இருந்தது, சரி. ஆனால் சட்டியை வைக்கோலில் கட்டும்போது நான் என்ன நினைத்துக் கட்டினேன் என்று எனக்குத்தானே தெரியும். இந்த வீட்டு நோய் அந்த வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். வார்த்தையாகவே நினைத்தேன். என் பேர் கெடாமல் நீங்கள் பொய் சொன்ன நேரத்தில் நான் இங்கே உங்கள் முதல் இரண்டு கடிதங்களைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டேன், மூன்றாவதைப் படித்தும் ஒரு வரி எழுதவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே கடைக்குப் போய் உப்பு வாங்கினேன். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம். எவ்வளவு போடவேண்டும் என்று மறந்துவிட்டது. அவர் செய்வதுபோலத் தண்ணீரில் ஒரு முட்டையை மிதக்கவிட்டு, நாணயம் அளவுக்கு முதுகு வெளியே தெரியும்வரை உப்பைக் கொட்டினேன். விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் அவருக்காக அழுதேன்.

வைத்தியர் யின்னிடம் போனேன். உங்களைப் பற்றிச் சொல்லி, உப்பு முட்டை கொடுக்கலாமா என்று கேட்டேன். 'படுத்தா மூச்சு வருதா, உட்கார்ந்தா வருதா?' என்றார். 'உட்கார்ந்தா மட்டும்' என்றேன். அவர் தூரிகையைத் தொடவில்லை, மருந்துச் சீட்டு எழுதவில்லை. 'பாதி முட்டை குடு. கேட்டா மீதிப் பாதியும் குடு' என்றார். 'அப்ப பத்தியம்?' என்றேன். 'பத்தியம் பொழைக்கிறதுக்கு. அந்தக் கட்டம் தாண்டினா, வாய் எதைக் கேட்குதோ அதுதான் மருந்து' என்றார்.

'எட்டாம் தேதி என் வீட்டுக்காரர் ஒரு துண்டு ஊறுகாய் கேட்டார்' என்றேன். 'குடுன்னுதான் சொல்லியிருப்பேன். நீ வந்து கேட்கவே இல்லையேம்மா' என்றார்.

கேட்கவில்லை அக்கா. ஆறு தெரு தள்ளி இருந்தார் மனிதர், போய்க் கேட்கவில்லை. பத்தியம் என்னுடையதாக ஆகிவிட்டிருந்தது. அவர் கேட்டது எனக்கு நோய் பேசுவதாகத்தான் காதில் விழுந்தது. நீங்கள் பத்து மாதம் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காத அந்த ஒரு துண்டுக்கு முன்னால் எனக்கு அது போதவில்லை, இனி எப்போதும் போதாது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பத்து முட்டை எடுத்து வருகிறேன். ஒன்றை உடைத்துப் பார்த்தேன், எண்ணெய் கசிகிறது, மஞ்சள் கரு நல்ல சிவப்பு. நானே உரித்துத் தருவேன். நீங்கள் போதும் என்று சொல்லும்வரை உங்கள் வீட்டில் இருந்து, அந்தச் சட்டியில் கஷாயமும் காய்ச்சித் தருவேன். அதற்கு அப்புறம் சட்டி என்னோடு வரும்.

அதைக் கழுவி வாசலுக்கு வெளியே வையுங்கள். உங்கள் கையால் எடுத்துத் தரவேண்டாம், நான்தான் வந்து எடுக்கவேண்டும். யார் வீட்டில் நோய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், ரூயிங் வீட்டில் என்று சொல்லுங்கள்.

ரூயிங்